நண்பர்களிடம் நாட்டை அடகு வைத்த நவாப்: யார் இந்த முகமது அலி வாலாஜா?

ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி ஷூ ஐரோப்பியக் கடைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், அது கப்பலேறி செங்கடல் வழியாகப் போக வேண்டும். 2023 இறுதியில் ஏமனின் ஹூதி படையினர் அந்த வழியில் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். பல கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போயின. பயணம் நீண்டது, சரக்குக் கட்டணம் எகிறியது. உடனே அமெரிக்கா தன் நட்பு நாடுகளைச் சேர்த்து ஒரு கடற்படைக் கூட்டணி அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் தனியாக இன்னொன்றைத் தொடங்கியது. இந்தியா இரண்டிலும் சேரவில்லை. தன் போர்க்கப்பல்களைத் தனியாக அனுப்பியது.

ஏன் சேரவில்லை என்று பலருக்கும் தோன்றியிருக்கும். குவாட் அமைப்பில் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவுடன் இந்தியாவும் இருக்கிறது. ஆனால் ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் படை அனுப்ப வேண்டும் என்ற ஒப்பந்தம் அதில் கிடையாது. கூட்டாளி வேண்டும், ஆனால் கூட்டாளியின் போர் வேண்டாம் என்ற தயக்கம் டெல்லியில் எப்போதும் உண்டு.

இந்தத் தயக்கத்தின் பின்னால் இருக்கும் கேள்வி வேலூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிற கணியம்பாடியை நடுவில் வைத்து, மேப்பில் 50 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஆம்பூர், ஆற்காடு, ஆரணி, காவேரிப்பாக்கம், சோளிங்கர், வேலூர்க் கோட்டை எல்லாம் அதற்குள் வந்துவிடும். 1749-லிருந்து 1782 வரை, இந்த ஆறு இடங்களிலும் பெரிய சண்டையோ முற்றுகையோ நடந்திருக்கிறது. இன்று இந்தோ-பசிபிக் எப்படியோ, அன்று கர்நாடகப் பகுதி என்று அழைக்கப்பட்ட இந்த வட தமிழகம் அப்படி. தூரத்து வல்லரசுகள் வணிகத்துக்காக வந்து, பாதுகாப்புக்காகப் படை வைத்து, உள்ளூர் கூட்டாளிகளைத் தேடிய இடம்.

அந்தக் கூட்டாளிகளில் மிக நீண்ட காலம் தாக்குப்பிடித்தவர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. 46 ஆண்டுகள் நவாப் பட்டத்துடன் இருந்தவர். எதிரிகள் எல்லோரையும் ஜெயித்தவர். கடைசியில் அவருடைய நாடு எதிரியிடம் போகவில்லை, நண்பனிடம் போனது. எப்படி?

ஆம்பூரில் தொடங்கிய கதை

1740-களில் ஆற்காடு நவாப் பதவி என்பது முள்படுக்கை. 1742-ல் நவாப் சப்தர் அலி வேலூரில் கொல்லப்பட்டார். வேலூர்க் கோட்டையை வைத்திருந்த அவருடைய உறவினர் முர்தசா அலிதான் அதற்குப் பின்னால் இருந்தார். அடுத்து வந்த சப்தர் அலியின் சிறு வயது மகனும் 1744-ல் ஆற்காட்டில் கொலையானான். ஐதராபாத் நிஜாம் தனக்கு நம்பிக்கையான அன்வருதீன் கானை நவாப் ஆக்கினார். அந்த அன்வருதீனின் மகன்தான் முகமது அலி.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். நவாப் ஒரு பெரிய படையை அனுப்பினார். அடையாற்றங்கரையில் அந்தப் படையை, ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு பிரெஞ்சுப் படை விரட்டியடித்தது. அதில் பெரும்பாலானவர்கள் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற இந்திய சிப்பாய்கள். எண்ணிக்கை முக்கியமில்லை, பயிற்சியும் துப்பாக்கி வரிசையும்தான் முக்கியம் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்துபோனது. அதற்குப் பிறகு பதவிக்கு ஆசைப்பட்ட ஒவ்வொருவரும் ஓர் ஐரோப்பிய நண்பனைத் தேட ஆரம்பித்தார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. 1748-ல் ஐரோப்பாவில் சமாதானம் கையெழுத்தானபோது, சென்னை ஆங்கிலேயரிடம் திருப்பித் தரப்பட்டது. அதற்குப் பதிலாக பிரான்ஸுக்குக் கிடைத்தது கனடாவில் இருந்த லூயிபூர்க் கோட்டை. சென்னையின் தலைவிதியை முடிவு செய்த மேசையில் ஆற்காட்டுக்கு நாற்காலி கிடையாது. நவாபின் நாட்டில் இருக்கும் ஒரு ஊர், வேறொரு கண்டத்துக் கோட்டைக்கு மாற்றுச் சீட்டாக இருந்தது.

சமாதானம் ஐரோப்பாவில்தான். இங்கே சண்டை வேறு பெயரில் தொடர்ந்தது. பழைய நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப், மராட்டியர் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். பாண்டிச்சேரி கவர்னர் டூப்ளே அவருக்குப் படை கொடுத்தார். நிஜாம் பதவிக்கு ஆசைப்பட்ட முசாபர் ஜங்கும் கூட சேர்ந்தார். 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆம்பூர் அருகே நடந்த போரில், யானை மேல் இருந்தபடியே அன்வருதீன் கொல்லப்பட்டார். மூத்த மகன் மஹ்பூஸ் கான் சிறைபிடிக்கப்பட்டார். முகமது அலி தப்பித்து திருச்சிக்கு ஓடினார்.

அப்பா போய்விட்டார், தலைநகர் போய்விட்டது. கையில் இருந்தது திருச்சிக் கோட்டையும், நவாப் என்ற உரிமைக்கோரிக்கையும் மட்டும்தான்.

கம்பெனி ஏன் உதவியது?

சென்னையிலிருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனிக்கு முகமது அலி மேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் சந்தா சாகிப் ஜெயித்தால் சோழமண்டலக் கடற்கரை முழுவதும் டூப்ளேவின் கைக்குப் போய்விடும். துணி வணிகம் போய்விடும். அதனால் எதிரியின் எதிரியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

சிம்பிளாகச் சொன்னால், இரண்டு பக்கமும் வாடகைப் போர். பிரிட்டனும் பிரான்ஸும் அதிகாரப்பூர்வமாகச் சமாதானத்தில் இருந்தன. ஆனால் நாங்கள் எங்கள் நவாபுக்கு உதவி செய்கிறோம், அவ்வளவுதான் என்ற சாக்கில் இரண்டு கம்பெனிகளும் இங்கே மோதிக்கொண்டன.

1751-ல் சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டார். அந்த முற்றுகையை உடைக்க ஒரு திசைதிருப்பும் திட்டம் போடப்பட்டது. எதிரியின் படை திருச்சியில் இருக்கும்போது, காவல் குறைந்த ஆற்காட்டைப் பிடித்துவிட வேண்டும். இது முகமது அலி சொன்ன யோசனை என்று சில வரலாற்றாய்வாளர்கள் கருதுகிறார்கள். அதைச் செய்து முடித்த புகழ் ராபர்ட் கிளைவுக்குப் போனது. அவருக்கு அப்போது 25 வயது. 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களுடன் சென்னையிலிருந்து கிளம்பி, சண்டையே இல்லாமல் ஆற்காடு கோட்டைக்குள் நுழைந்தார். சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் படையோடு வந்து முற்றுகையிட்டார். வேலூர் முர்தசா அலியும் அந்தப் பக்கம் சேர்ந்தார். சுமார் 50 நாள் கோட்டை தாக்குப்பிடித்தது. பிறகு ஆரணியிலும் காவேரிப்பாக்கத்திலும் ராஜா சாகிபின் படை தோற்றது.

1752-ல் திருச்சியில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் தஞ்சாவூர்த் தளபதியிடம் அகப்பட்டுக் கொல்லப்பட்டார். தூரத்து நண்பனை நம்பியவர்களில் முதலில் விழுந்தவர் அவர்தான். இரண்டு ஆண்டுகளில் டூப்ளேவையும் பாரீஸ் திருப்பி அழைத்துக்கொண்டது. பிரெஞ்சு கம்பெனிக்கு வேண்டியது லாபம், முடிவில்லாத போர் அல்ல. தூரத்துத் தலைநகரில் மனம் மாறினால் இங்கே கூட்டாளி அநாதை. இந்தப் பாடத்தை முகமது அலி நேரிலேயே பார்த்தார்.

ஆனால் அவரும் சுத்தமான ஆட்டம் ஆடவில்லை. முற்றுகையின்போது மைசூரின் உதவி தேவைப்பட்டது. அதற்காகத் திருச்சியையே தருவதாக மைசூர் அமைச்சர் நஞ்சராஜாவுக்கு வாக்குக் கொடுத்தார். ஜெயித்த பிறகு தரவில்லை. ஏமாந்த மைசூர், எதிரணிக்குப் போய் அதே திருச்சியை முற்றுகையிட்டது. அந்த மைசூர்ப் படையில் அப்போது மேலே வந்துகொண்டிருந்த ஒரு வீரர்தான் ஹைதர் அலி. அந்தப் பகை பின்னாளில் வட்டியோடு திரும்பி வந்தது.

பில் யாருக்கு?

இங்கேதான் கதையின் மையம் இருக்கிறது. கம்பெனிப் படை இலவசமாக வரவில்லை. நவாபுக்காக நடந்த போர் என்பதால் செலவு நவாபின் கணக்கில் எழுதப்பட்டது. சிப்பாய் சம்பளம், குண்டு, வண்டி மாடு, அதிகாரிகளின் படி எல்லாம் அதில் அடக்கம்.

1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. அடுத்த ஆண்டு பாண்டிச்சேரியும் விழுந்தது. அதன்பிறகு கம்பெனிப் படையின் துணையோடு வேலூர்க் கோட்டையையும் முர்தசா அலியிடமிருந்து முகமது அலி கைப்பற்றினார். 1763-ல் பாரீஸ் உடன்படிக்கையில் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து அவரைக் கர்நாடகத்தின் முறையான நவாப் என்று ஏற்றுக்கொண்டன. 1765-ல் முகலாயப் பேரரசர் வாலாஜா என்ற பட்டமும் கொடுத்தார். பேப்பரில் பார்த்தால் இதைவிடப் பெரிய வெற்றி இல்லை.

கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் வேறு கதை. 1763-லேயே சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுப் பகுதியை கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவும் போதவில்லை. கம்பெனிக்கு ரொக்கமாகக் கட்ட வேண்டிய தவணைகள் வந்துகொண்டே இருந்தன. வரி வசூல் அறுவடைக்குப் பிறகுதான் வரும். கம்பெனியோ அதுவரை காத்திருக்காது.

அப்போ பணத்துக்கு எங்கே போவது? கம்பெனியின் ஊழியர்களிடமே போனார். அலுவலக நேரத்தில் நவாபிடம் பாக்கி கேட்ட அதே ஆட்கள், மாலையில் சொந்தப் பணத்தை நவாபுக்கு வட்டிக்கு விட்டார்கள். தொடக்கத்தில் ஆண்டு வட்டி 30 சதவீதத்தையும் தாண்டியது. கம்பெனிக்குக் கட்ட அதன் ஊழியரிடம் கடன், அந்த வட்டியைக் கட்ட இன்னொரு ஊழியரிடம் கடன் என்று சுழல் தொடங்கியது.

ஈடாக நவாப் கொடுத்தது கிராமங்களின் வரி வருமானத்தை. குறிப்பிட்ட சீமையின் வசூலை இன்னாருக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதிய பத்திரத்துக்குத் தன்கா என்று பெயர். கடன்காரரின் ஆட்கள் அந்தப் பத்திரத்தோடு ஊருக்கு வந்து நிற்பார்கள். பயிர் களத்துக்கு வரும் முன்பே சாவுகார் முன்பணம் கொடுப்பார், அதை விவசாயியின் தலையில் வட்டியோடு ஏற்றுவார். லண்டனில் ஒருவர் மாளிகை வாங்கிய பணத்தின் மறுமுனையில் பாலாற்றங்கரையில் ஒருவர் விதைநெல்லை விற்றுக்கொண்டிருந்தார்.

சேப்பாக்கத்துக்கு இடமாற்றம்

1768 வாக்கில் முகமது அலி சென்னை சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டார். ஆற்காட்டு நவாப் ஆற்காட்டில் இல்லை. கம்பெனியின் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில், அதன் பீரங்கிகளின் பாதுகாப்பில் இருந்தார். அரண்மனையைக் கட்டியவராகச் சொல்லப்படுபவர் பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனிப் பொறியாளர். சாதாரணச் சம்பளக்காரர். ஆனால் சில ஆண்டுகளில் நவாபின் மிகப்பெரிய கடன்காரர்களில் ஒருவராக மாறினார்.

நவாபைப் பாவமான மனிதராக மட்டும் பார்ப்பதும் தவறு. அதே கம்பெனிப் படையை அவரும் தன் ஆசைக்குப் பயன்படுத்திக்கொண்டார். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்க அந்தப் படைதான் தெற்கே போனது. கம்பெனி சிப்பாய்களின் தளபதியாக இருந்து பிறகு எதிர்த்து நின்ற மருதநாயகம் என்கிற யூசுப் கான் 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 1772-ல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். வேலு நாச்சியார் திண்டுக்கல் பக்கம் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். 1773-ல் தஞ்சாவூரையே கம்பெனிப் படை நவாபுக்காகப் பிடித்துக் கொடுத்தது.

ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு புது பில் வந்தது. ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு புது கடன்.

தஞ்சாவூர் விவகாரம் சென்னை அரசாங்கத்தையே கவிழ்த்தது. லண்டன் இயக்குநர்கள் தஞ்சாவூரை மராட்டிய மன்னர் துளஜாவிடம் திருப்பித் தரச் சொன்னார்கள். 1776-ல் கவர்னர் பிகாட் அப்படியே செய்தார். ஆனால் தஞ்சாவூர் வருமானத்தின் மேல் தனக்குப் பெரிய தொகை பாக்கி இருக்கிறது என்று பென்ஃபீல்டு கிளம்பினார். கவுன்சில் உறுப்பினர்களில் பெரும்பான்மை அவர் பக்கம் சாய்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சொந்த கவுன்சிலே கவர்னரைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு காவலில் இருந்தபடியே பிகாட் இறந்துபோனார். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களின் பலம் எவ்வளவு என்பது அன்றைக்கு வெளியே தெரிந்தது.

கடனே கவசம்

முகமது அலி இதையெல்லாம் புரியாமல் செய்தாரா? இல்லை என்றுதான் தோன்றுகிறது. கம்பெனியை மட்டும் நம்பினால் ஒருநாள் விழுங்கிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் கம்பெனிக்கு மேலே இருப்பவரைத் தேடினார். பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு நேரடியாகக் கடிதங்களும் பரிசுகளும் அனுப்பினார். 1770-ல் மன்னரின் சார்பில் ஜான் லிண்ட்சே என்ற கடற்படை அதிகாரி நவாபிடம் வந்தார், அவருக்குப் பின் ராபர்ட் ஹார்லண்ட் வந்தார். பாரீஸ் உடன்படிக்கையில் தன் பெயர் இருப்பதால், தானும் பிரிட்டன் மன்னரும் நேருக்கு நேர் கூட்டாளிகள் என்பது நவாபின் வாதம். சில ஆண்டுகளில் அந்தக் கதவு மூடிக்கொண்டது.

அடுத்த வழி லண்டன் நாடாளுமன்றம். இன்றைய மொழியில் சொன்னால் லாபி. நவாபின் ஏஜென்டாக லண்டனில் வேலை பார்த்த எழுத்தாளர் ஜேம்ஸ் மக்பெர்சன் 1780-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். பென்ஃபீல்டும் அதே ஆண்டு உறுப்பினரானார். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களும் அவர்களின் நண்பர்களும் சேர்ந்து ஆற்காடு கோஷ்டி என்று பேசப்படும் அளவுக்கு வளர்ந்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடன் திரும்பி வர வேண்டுமென்றால் கடன் வாங்கியவர் பதவியில் இருக்க வேண்டும். நவாபை நீக்க யாராவது பேசினால் முதலில் எதிர்ப்பவர் கடன்காரராகத்தான் இருப்பார். கழுத்தை இறுக்கிய கயிறே அவரைக் கீழே விழாமலும் பிடித்துக்கொண்டிருந்தது. 46 ஆண்டுகள் அவர் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் சொந்தக் காலில் நிற்கும் வழி அடைபட்டுக்கொண்டே போனது. 1777-ல் நவாபின் குதிரைப்படையைக் கலைக்கும்படி கம்பெனி வற்புறுத்தியது. கலைக்க வேண்டுமென்றால் பழைய சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். பணமில்லை. மூன்று ஆங்கிலேயர்கள் கடன் கொடுத்தார்கள். தன் படையைக் கலைப்பதற்கே கடன் வாங்கிய அரசர் உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது.

அமெரிக்காவில் போர், வேலூரில் நெருப்பு

கூட்டணியின் நிஜமான விலை 1780-ல் தெரிந்தது. அதன் தொடக்கம் அமெரிக்காவில்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்துக் கிளம்பின. 1778-ல் பிரான்ஸ் அமெரிக்கர்களுக்கு ஆதரவாகப் போரில் இறங்கியது. உடனே இங்கே கம்பெனி பாண்டிச்சேரியைப் பிடித்தது. 1779-ல் கேரளக் கரையில் இருந்த மாஹேயையும் பிடித்தது. மாஹே பிரெஞ்சு ஊர்தான், ஆனால் ஹைதர் அலியின் பாதுகாப்பில் இருந்தது. அவருக்கு ஆயுதம் இறங்கும் துறைமுகமும் அதுவே.

ஹைதருக்கு ஏற்கெனவே ஒரு காயம் இருந்தது. முதல் மைசூர்ப் போருக்குப் பிறகு 1769-ல் கம்பெனி அவரோடு ஒப்பந்தம் போட்டது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதில் இருந்தது. அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூரைத் தாக்கினார்கள். கம்பெனி வரவில்லை. எழுதிக் கொடுத்த பாதுகாப்பு, தேவைப்பட்ட நேரத்தில் வெறும் தாளாக இருந்தது.

1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு மலைக் கணவாய்கள் வழியாகக் கீழே இறங்கினார். அவர் தாக்கியது லண்டனையோ பாரீஸையோ அல்ல. முகமது அலியின் நாட்டை. கோட்டைகளுக்கு உணவு போகக் கூடாது என்பதற்காக, சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் இருந்த ஊர்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சில வாரங்களில் ஆற்காடும் விழுந்தது. வேலூர்க் கோட்டை மட்டும் விழவில்லை. ஜெனரல் கூட்டின் படை திரும்பத் திரும்ப அரிசி கொண்டுவந்து சேர்த்ததால் அது தாக்குப்பிடித்தது. 1781-ல் சோளிங்கரிலும் 1782-ல் ஆரணியிலும் மீண்டும் சண்டை. அந்த ஆண்டு டிசம்பரில் சித்தூர் அருகே ஹைதர் இறந்த பிறகும் அவர் மகன் திப்பு 1784 வரை போரைத் தொடர்ந்தார். போரோடு பஞ்சமும் வந்தது.

மாஹேயைப் பிடிக்கும் முடிவு நவாபுடையது அல்ல. பிரான்ஸோடு போர் என்பதும் அவர் எடுத்த முடிவு அல்ல. ஆனால் எரிந்தது அவருடைய கிராமங்கள். அதுமட்டுமா? 1781 டிசம்பரில், ஐந்து ஆண்டுகளுக்கு நாட்டின் வருமானம் முழுவதையும் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அவர் செலவுக்குக் கிடைத்தது ஆறில் ஒரு பங்கு.

கணக்கு முடிந்த விதம்

போருக்குப் பிறகு லண்டனில் ஒரு கேள்வி எழுந்தது. நவாபின் கடன்களில் எது உண்மை, எது கட்டுக்கதை? விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஆனால் இந்திய விவகாரங்களைப் பார்த்துக்கொண்ட ஹென்றி டண்டாஸ் விசாரணையே இல்லாமல் ஏற்றுக்கொண்டார். கர்நாடகத்தின் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கடன்காரர்களுக்கு என்று முடிவானது. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் இதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் நீண்ட உரை நிகழ்த்தினார். வாக்குகள் கடன்காரர்களுக்கு நண்பர்களானவர்கள் பக்கம் இருந்தன.

பிறகு வந்த ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றும் நவாபின் கையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டன. 1787-ல் அமைதிக் காலத்தில்கூடப் படைச் செலவுக்கு ஆண்டுக்கு 9 லட்சம் வராகன் என்று எழுதப்பட்டது. 1790-ல் திப்புவோடு மீண்டும் போர் வந்ததும் வசூலைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. 1792-ல் பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் வேலையும் கம்பெனிக்குப் போனது. வீரபாண்டிய கட்டபொம்மனிடம் கம்பெனி கலெக்டர் நேரடியாகக் கப்பம் கேட்டது இந்த ஒப்பந்தத்தின் தொடர்ச்சிதான்.

1795 அக்டோபர் 13-ம் தேதி முகமது அலி சென்னையில் இறந்தார். உடல் திருச்சியில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய போட்டியாளர் சந்தா சாகிபின் கல்லறையும் அதே ஊரில்தான் இருக்கிறது. ஒருவர் தோற்ற கூட்டாளியை நம்பியவர், இன்னொருவர் ஜெயித்த கூட்டாளியை நம்பியவர்.

ஜெயித்த கூட்டாளி ஆறு ஆண்டுகள்தான் காத்திருந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்ததும் கம்பெனிக்குத் தெற்கில் பயப்பட ஆள் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, வாலாஜாவும் அவர் மகன் உம்தத்துல் உமராவும் ரகசியமாகத் திப்புவோடு பேசினார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டது. 1801 ஜூலையில் உமரா இறந்தார். நிர்வாகம் முழுவதையும் விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்ட அஜீமுத் தௌலா நவாப் ஆக்கப்பட்டார். பட்டம் அவருக்கு, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, நாடு கம்பெனிக்கு. எதிரி இல்லாமல் போனதும் கூட்டாளியும் தேவையில்லாமல் போனார்.

அதன்பிறகு லண்டனில் ஒரு குழு மீதமிருந்த கடன் கோரிக்கைகளைப் பல ஆண்டுகள் பரிசோதித்தது. கோரப்பட்ட தொகையில் மிகச் சிறிய பங்குதான் உண்மையான கடன் என்று தெரியவந்தது. அதற்குள் ஊரும் கைமாறிவிட்டது.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

1751-ல் முகமது அலிக்கு வேறு வழி இருந்ததா என்றால், அநேகமாக இல்லை. கம்பெனி வராமல் இருந்திருந்தால் அவர் திருச்சியிலேயே முடிந்திருப்பார். கூட்டாளியைத் தேடியதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆபத்து போன பிறகும் சொந்தப் படையைக் கட்டாமல், சொந்த வருமானத்தைக் காக்காமல், அடுத்தடுத்த ஆசைகளுக்கும் கூட்டாளியின் படையையே வாடகைக்கு எடுத்ததுதான் அவரைச் சாய்த்தது.

இன்றைய கூட்டணிகள் வேறு மாதிரி. கம்பெனி ஊழியர் நவாபுக்கு வட்டிக்கு விடும் காலம் இல்லை. ஆனால் கேள்விகள் மாறவில்லை. ஆக்கஸ் ஒப்பந்தத்தில் அணுசக்தி நீர்மூழ்கிகளுக்காக ஆஸ்திரேலியா 36,800 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை செலவிட வேண்டியிருக்கும் என்று 2023-ல் மதிப்பிடப்பட்டது. அந்தக் கப்பல்கள் யாருடைய போருக்குப் போகும் என்று அங்கே இன்றும் விவாதம் நடக்கிறது. பிலிப்பைன்ஸ் 1991-ல் அமெரிக்கத் தளம் வேண்டாம் என்று வாக்களித்தது. 2023-ல் அமெரிக்கப் படைக்குத் திறந்துவிடும் இடங்களை ஒன்பதாக உயர்த்தியது. வேண்டாம் என்று சொல்லவும் வேண்டும் என்று சொல்லவும் அந்த நாட்டுக்கு உரிமை இருந்தது. வாலாஜாவுக்கு அது 1760-களிலேயே கைநழுவிப்போனது.

குவாட் கூட்டத்துக்குப் போகும் இந்தியா, செங்கடலுக்குத் தன் கப்பலைத் தன் கொடியோடு அனுப்புவதை இந்தப் பின்னணியில் பார்த்தால் புரியும். செலவு அதிகம்தான். ஆனால் எந்தப் போருக்குப் போவது, எப்போது திரும்புவது என்ற முடிவு கையில் இருக்கும்.

வாலாஜாவின் பெயர் இன்றும் நம் வழியில் வரும். ராணிப்பேட்டை பக்கம் வாலாஜாபேட்டை அவர் பெயரில் இருக்கிறது. சென்னையில் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் வாலாஜா சாலையில் நடக்கிறார்கள். பக்கத்திலேயே அவர் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை. நவாப் பட்டம் 1855-ல் ரத்தான பிறகு அந்த அரண்மனையும் ஏலத்துக்கு வந்தது. வாங்கியது ஆங்கிலேய அரசாங்கம்.